நாலாவது பத்தி

அந்த அபராதம் செல்லாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, "அப்போ ஃபைன் போட்டது சரிதானே" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. சென்னையின் தென்பகுதியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் சங்கம், எங்கள் நாய் ஜிம்மி பொது இடத்தை அசிங்கம் செய்துவிட்டதாகச் சொல்லி, மெயின்டனன்ஸ் பில்லில் 2,000 ரூபாயைச் சேர்த்து அனுப்பியது. அப்படி வசூலிக்கச் சங்கத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அன்றைக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அதில் ஓர் எழுத்தைக்கூட இன்றைக்கும் மாற்ற மாட்டேன்.

மாற்ற வேண்டியது வேறொன்று.

2024 மே மாதம் நடந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளியின் மகள் அவள். நாய்க்காரர் கைதானார். தொலைக்காட்சியில் நாள் கணக்கில் அதே செய்திதான். வீட்டு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும் என்ற விதி மாநகராட்சியில் பல வருடமாக இருந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே பாதிப் பேருக்கு அந்த வாரம்தான் தெரியவந்தது. எனக்கும்தான்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 23 வகை நாய்களை வளர்க்கத் தடை விதிக்கச் சொல்லி மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்குத் தடை வந்து சேர்ந்தது, ரத்து வந்து சேரவில்லை. நாய் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பிளாக்கில் மொத்தமே சில. லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். ஜிம்மி லேப்ரடார், எடை கூடிப் போய் மூச்சு வாங்கும் ஜாதி. பூனையைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அதை யாரிடம் போய்ச் சொல்வது? பயந்தவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வாரம் பயப்படாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளரிடமிருந்து குழுவில் நீளமாக ஒரு செய்தி. நாய்களுக்கு வாய்மூடி கட்டாயம். லிஃப்டில் ஏற்றக் கூடாது. பின்பக்கப் படிக்கட்டு மட்டும். வளாகத்துக்குள் கழிவு காணப்பட்டால் 2,000 ரூபாய். பொதுக்குழு கூட்டவில்லை, தீர்மானம் எதுவும் இல்லை. கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டின. அதே குழுவில், விசிட்டர் பார்க்கிங்கில் மாதக்கணக்கில் நிற்கும் கார்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மாடியிலிருந்து முறுக்குக் கவரை வீசுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் ஃபைன் வந்ததில்லை. வந்தது எனக்குத்தான். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் எடுத்த ஒரு புகைப்படம், அதைத் தொடர்ந்து பில்.

கோபத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெம்பு வந்தது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வழிகாட்டு நெறிமுறை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. இந்த வாரியம் 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கியது, வெகு காலம் இங்கே திருவான்மியூரில்தான் இருந்தது, 2018இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது, வாய்மூடி போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அந்த நெறிமுறை. கழிவை எடுக்கச் சொல்லி அரசுச் சட்டம் இல்லாத இடத்தில் சங்கம் தானாக விதி போட்டு அபராதம் வசூலிக்கக் கூடாது, வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. 2021இல் கேரள உயர் நீதிமன்றம், செல்லப் பிராணிகளுக்குத் தடை போடும் சங்க விதிகள் செல்லாது என்று தீர்ப்பே கொடுத்திருந்தது.

இவையெல்லாம் சங்கத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் முதல் பத்தி. இரண்டாவது பத்தியில் சங்கத்தின் சொந்த அடித்தளத்தில் கை வைத்தேன். எங்களுடையது 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. துணைவிதியைத் திருத்த வேண்டுமானால் பொதுக்குழு கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும், அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் அது வாட்ஸ்அப் செய்திதான். எந்தத் துணைவிதி, எந்தத் தேதிப் பொதுக்குழு, எந்த ஆதாரம், அபராதத்துக்கு எந்தக் கணக்கில் ரசீது என்று நான்கு கேள்விகள் கேட்டு, எழுத்தில் பதில் வேண்டும் என்று முடித்தேன். சங்கங்களை எதிர்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பதில் சொல்ல உட்கார்ந்தாலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது பத்தி, அதிகாரம் யாருக்கு என்பது. நாயைக் கவனக்குறைவாக வைத்திருந்து அதனால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும்படி விட்டால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆவது பிரிவு இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 291. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதை விதிப்பது நீதிமன்றம். உரிமம் கேட்பதும் உரிமம் இல்லாவிட்டால் அபராதம் போடுவதும் மாநகராட்சி. பில் போடும் செயலாளர் இந்த இரண்டில் எங்கே வருகிறார் என்று கேட்டிருந்தேன். மெயின்டனன்ஸ் தொகையை மட்டும் வங்கியில் கட்டிவிட்டு, அபராதம் ஆட்சேபிக்கப்படுகிறது என்று குறிப்பும் அனுப்பினேன். பில்லே கட்டாதவன் என்று பெயர் வரக் கூடாதல்லவா.

இந்த மூன்று பத்திகளோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

இந்த மூன்றிலும்கூட நான் முழு யோக்கியமாக இல்லை. வாரியத்தின் நெறிமுறை சட்டமல்ல, அறிவுரை. கடிதத்தில் "சட்டப்படி" என்று எழுதினேன். அதே நெறிமுறை நாய் வளர்ப்பவர்களையும் பார்த்து, பொது இடத்தில் நாய் போனால் சுத்தம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. அந்த வரியைப் பார்த்தேன், எடுத்தாளவில்லை. நாய்க்கு முறைப்படி உரிமம் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அப்போது வருடத்துக்கு ஐம்பதே ரூபாய், தடுப்பூசிச் சான்றிதழும் போட்டோவும் ஏற்றினால் போதுமாக இருந்தது. கடிதம் எழுத உட்கார்ந்த பிறகுதான் அவசரமாக விண்ணப்பித்து வாங்கினேன். இதையெல்லாம் வக்கீல் புத்தி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நாலாவது பத்திக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

நாலாவது பத்தி இது: "மேலும், புகைப்படத்தில் உள்ள கழிவு எங்கள் நாயினுடையது அல்ல. வளாகத்துக்குள் வந்து போகும் தெருநாயினுடையதாக இருக்க வாய்ப்புள்ளது."

அது ஜிம்மியினுடையதுதான். செயலாளர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் கேரட் துண்டுகள், நறுக்கின மாதிரியே ஓரம் மழுங்காமல். எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் சோற்றைப் பாதியாக்கி, மீதிக்கு வேகவைக்காத கேரட்டை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். அது மென்று தின்னாது, விழுங்கும். விழுங்கியது அப்படியே வெளியே வரும். தெருநாய்க்கு யார் கேரட் நறுக்கிப் போடுகிறார்கள்?

அன்று விடியற்காலை ஜிம்மிக்கு வயிறு சரியில்லை. அவசரமாகக் கீழே இறங்கினேன், கவர் எடுக்கவில்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கேமரா கிடையாது, அந்த நேரத்தில் ஆளும் இல்லை. மேலே போய்ப் பழைய பேப்பர் எடுத்துவருவோம் என்று நினைத்தேன். மேலே போனதும் காபி இருந்தது, ஆபீஸ் இருந்தது. ஹவுஸ்கீப்பிங் அம்மா பிறகு அதை வாரியிருக்கிறார். நாய்க் கழிவில் கொக்கிப்புழு இருக்கலாம், வெறுங்காலில் நடப்பவர்கள் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும் என்று டாக்டர் எனக்கே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா வெறுங்காலோடு நடப்பவர்.

மனைவியும் படத்தைப் பார்த்தாள். "கேரட் தெரியுதேங்க" என்றாள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ஃபைன் கட்ட வேண்டாம், அது சரிதான். நாலாவது பாராவை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். நான் எடுக்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், வாதத்தில் ஓட்டை இருக்கக் கூடாது என்பது. நிஜம் அதைவிடச் சின்னது. மூன்று பத்திகளால் பணம்தான் மிச்சமாகும். "நாய்க்காரர் சட்டம் பேசித் தப்பிச்சுட்டார்" என்று லிஃப்டில் பேசுவார்கள். எனக்கு அது பொறுக்காது. ஜெயிக்கவும் வேண்டும், நல்லவன் என்ற பெயரும் கூட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பத்தி.

எங்கள் கேட்டில் இரவு டியூட்டி பார்த்த பெரியவர் செய்யாறு பக்கத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர், ஏஜென்சி மூலம் வந்தவர். தெருவில் திரிந்த கறுப்பு நாய் ஒன்று அவர் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கருப்பன் என்று கூப்பிடுவார். தன் சாப்பாட்டில் கடைசிப் பிடி சாம்பார் சாதமும் டீக்கடை பொறையும் அதற்கு. ராத்திரி வெளியாள் யாராவது கேட்டருகே வந்தால் அவருக்கு முன்னால் அது எழுந்துவிடும். வளாகத்துக்குள் வந்து போகும் தெருநாய் என்றால் அது ஒன்றுதான். எழுதும்போது எனக்கு அது தெரியும்.

கமிட்டி கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். அசோசியேஷன் அறை, பிளாஸ்டிக் நாற்காலி, பிஸ்கட் தட்டு. செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடிதத்தை அடிக்கோடு போட்டுப் படித்திருந்தார். இரண்டாவது பத்தியிலேயே அவர் இறங்கிவிட்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஃபைனை ரிவர்ஸ் பண்ணிடறோம் சார். நீங்க சொன்ன புரொசீஜர் கரெக்ட்தான்" என்றார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்கலாம். பொருளாளர் அம்மாதான் கேட்டார்: "அப்ப அது அந்தக் கறுப்பு நாயோடதா சார்?"

"இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பலமுறை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது பச்சைப் பொய். இருக்கலாம் என்பதில் மரியாதை இருந்தது, நிதானம் இருந்தது. அவர்களே முடிவுக்கு வந்தார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று பின்னால் சொல்லிக்கொள்ள வசதியும் இருந்தது.

அடுத்த வாரமே 1913க்குப் புகார் போயிற்று. மாநகராட்சி வண்டி வலையோடு வந்து நின்றது. சத்தம் கேட்டுக் கீழே போனேன். இங்கேதான் நான் இன்னும் கேவலமாக நடந்துகொண்டேன். கருப்பனுக்கு வலது காது நுனி வெட்டியிருக்கும். கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து ஊசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும், வேறெங்கும் கொண்டுபோய்த் தள்ளக் கூடாது. கடிதத்துக்காகப் படித்தபோது இதையும் படித்து வைத்திருந்தேன். பத்துப் பேர் நடுவில் நின்று அதைச் சொன்னேன், விதி எண் வரைக்கும். வந்த ஆள் காதைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஆபரேஷன் ஆனது சார், தூக்க மாட்டோம்" என்று வலையைச் சுருட்டினார். நான் பேசாமல் இருந்தாலும் அவர் அதைத்தான் செய்திருப்பார்.

பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார் மட்டும் இல்லேன்னா கருப்பனைக் கொண்டுபோயிருப்பாங்க. நீங்க நல்லா இருக்கணும் சார்." மேலே வந்தேன். மனைவி பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை, ஜிம்மியின் தட்டில் கேரட் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாயைத் தூக்க முடியவில்லை என்றதும் கமிட்டியின் பார்வை, நாய்க்குச் சோறு போடுகிறவர் மீது திரும்பியது. கேட்டின் அடியில் இருந்த இடைவெளியைக் கம்பி வைத்து அடைத்தார்கள். வளாகத்துக்குள் தெருநாய்க்கு உணவு வைக்கக் கூடாது என்று ஒட்டினார்கள். பெரியவர் கேட்டுக்கு வெளியே போய் வைத்தார். டியூட்டி நேரத்தில் இடத்தை விட்டு வெளியே போகிறார் என்று ஏஜென்சிக்கு மெயில் போயிற்று. சமூக நாய்களுக்கு உணவு வைக்க இடமும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டியதே குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று அதே 2023 விதிகள் சொல்கின்றன. அதுவும் எனக்குத் தெரியும். இந்த முறை கடிதம் எழுதவில்லை. மீண்டும் சங்கத்தோடு மோதினால், "இவருக்கு எப்பப் பார்த்தாலும் நாய்ப் பிரச்சினைதான்" என்பார்கள் என்று தயங்கினேன். ஆபீஸில் மார்ச் மாதம் போல வேலை இருந்தது என்றும் சொல்லிக்கொண்டேன். அது மார்ச் அல்ல, ஜூலை.

எனக்கு எதிராகப் போட்ட ஃபைனை முறியடிக்க ஒரு நெறிமுறையும் இரண்டு சட்டங்களும் ஒரு தீர்ப்பும் கையில் கிடைத்தன. கருப்பனுக்கு ஒரு காது போதுமானதாக இருந்தது. பெரியவரை ஏஜென்சி ஒரு போன் காலில் மாற்றிவிட்டது. ஒரகடம் பக்கம் ஒரு குடோன், பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி. செய்யாற்றுக்குப் பக்கம்தானே என்று சிலர் சொன்னார்கள். எங்கள் கேட்டில் இருந்தபோது தண்ணீர் லாரிக்காரர்களும் காய்கறி வண்டிக்காரரும் நின்று பேசிவிட்டுப் போவார்கள், வீடுகளிலிருந்து பண்டிகைக்குப் பலகாரமும் பழைய துணியும் வரும். குடோனில் ராத்திரி பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது என்று பிறகு போனில் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை. கருப்பன் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் அழைத்திருந்தார்.

கருப்பன் எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. அவரிடம், "நல்லா இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் பார்த்துக்கொள்ளவே ஆரம்பித்தேன்.

உண்மையைச் சொல்லக் கூட்டத்திலேயே வாய்ப்பு இருந்தது, வண்டி வந்த அன்று இருந்தது, மெயில் போன அன்று இருந்தது. "அது எங்க ஜிம்மிதான் சார், ஃபைன் செல்லாது, ஆனா அது எங்க நாய்தான்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அபராதம் அப்போதும் செல்லாதுதான். துணைவிதி துணைவிதிதான். சட்டத்துக்கு அந்தக் கேரட் ஒரு பொருட்டே இல்லை. இது புரிந்தும் சொல்லவில்லை என்பதுதான் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது. பயமாவது ஒரு காரணம் என்று சொல்லலாம். எனக்குப் பயப்படவே அவசியமில்லை.

செயலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. இதை அவர் படித்தால் தெரிந்துகொள்வார். நேரில் சொல்லாமல் இப்படி எழுதிச் சொல்வதையும் என் மனைவி ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள்.

2025 கடைசியில் மாநகராட்சி உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது, நாய் வளர்க்கும் தெரிந்தவர்களெல்லாம் எனக்குத்தான் போன் செய்தார்கள். ஃபைனை எதிர்த்து ஜெயித்தவன் என்று ஒரு பெயர் எப்படியோ பரவியிருக்கிறது. அது மாநகராட்சி போடுவது, சட்ட அதிகாரம் உள்ளது, ஒழுங்காகப் போய்ச் சிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் சங்க ஃபைனுக்காகவே அழைத்தார். எங்களுக்கு நடந்த அதே கதை, தொகை மட்டும் கூடுதல். பழைய கடிதத்தை எடுத்து மூன்று பத்திகளை மட்டும் அனுப்பி வைத்தேன்.

படித்துவிட்டுத் திரும்ப அழைத்தார். "ரொம்ப நல்லா இருக்கு சார். எதுக்கும் கடைசியில, அது தெருநாயோடதா இருக்கலாம்னு ஒரு லைன் போட்டுக்கட்டுமா?"

"வேண்டாம். லெட்டர் வீக் ஆயிடும்" என்றேன்.

அது காரணமில்லை. காரணத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், அவர் எனக்கு முன்பின் தெரியாதவர் வேறு. "சரி சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, உங்க நாய்க்கு என்ன சாப்பாடு குடுக்கறீங்க என்று விசாரிக்க ஆரம்பித்தார்.